கோட்டின் தடிமன்

பென்சில் மழுங்கியிருந்தது.
முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்,
பிறகு மறைக்கத் தோன்றும்.

ஜனவரியில் கால்ட்விக் பக்கம் சூரியன் வருவதில்லை.
மலை விடாது.
ஐஸ்லாந்தின் மேற்கே, கடல் உள்ளே புகுந்த ஒரு விரலிடுக்கில்
இருநூற்றுப் பத்துப் பேர், ஒரு மீன் ஆலை, ஒரு பள்ளிக்கூடம்,
ஒரு நிர்வாக அதிகாரி.
அது நான்.

மூன்று நாள் பனி. நாலாம் நாள் காற்று திரும்பியது.
சரிவில் நட்ட அளவுகோல்
கழுத்துவரை புதைந்துவிட்டதென்று
தொலைநோக்கியை இறக்கிவிட்டு ஸ்னைப்யோர்ன் சொன்னான்.
சொல்லிவிட்டு என் கையைப் பார்த்தான்.
எல்லோரும் என் கையைத்தான் பார்த்தார்கள்.

மேசைமேல் வரைபடம்.
கோட்டுக்கு மலைப்பக்கம் இருப்பவர்கள் இரவுக்குள் வெளியேற வேண்டும்.
கடல்பக்கம் இருப்பவர்கள் தூங்கலாம்.
சட்டம் எளிமையானது.
கோடு எங்கே என்பதை மட்டும்
என்னிடம் விட்டிருந்தது.

வரைந்தேன். கை நடுங்கவில்லை.
முப்பத்தோரு வீடு.
கிழவர்கள் போர்வையோடு, ஒருத்தி கிளிக்கூண்டோடு,
பிள்ளைகள் மட்டும் ஏதோ விழாவுக்குப் போவதுபோல்
பள்ளிக்கூடத்துக்குப் போனார்கள்.

கடைசி வளைவில் ஓட்கெய்ரின் வீடு.
போன வருடம் இதேபோல் எழுப்பி வெளியேற்றினேன்.
எதுவும் விழவில்லை.
கூட்டுறவுக் கடையில், ரொட்டி வரிசையில், ஊர் கேட்க,
"இவள் கைக்கு அதிகாரம் வந்த நாளிலிருந்து
எங்களுக்குத் தூக்கம் போச்சு" என்றான்.
யாரோ சிரித்தார்கள். யாரென்று இன்றுவரை தெரியாது.
அந்தச் சிரிப்பு பென்சில் முனையில் உட்கார்ந்திருந்தது.
அவன் வீட்டருகே வந்ததும் கோடு
மயிரிழை அளவு மலையை நோக்கி ஒதுங்கியது.

மலையில் நின்ற கோல் நிமிர்ந்தே நின்றது.
கோணியது என் கையிலிருந்தது.

இரவு இரண்டே காலுக்கு மலை இறங்கியது.
சத்தம் கேட்கவில்லை. காது அடைத்துக்கொண்டது, அவ்வளவுதான்.
வேலிகளை, மின்கம்பங்களை, காலியான பதினொரு வீடுகளை
வாரிக்கொண்டு வந்து
ஓட்கெய்ரின் சமையலறைச் சன்னலுக்கு வெளியே
ஒரு சைக்கிளின் மேல் நின்றுவிட்டது.

யாரும் சாகவில்லை.
ரெய்க்யவிக்கிலிருந்து பாராட்டுக் கடிதம் வந்தது.
அதில் 'துல்லியம்' இரண்டு இடத்தில் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஓட்கெய்ர் வந்தான்,
புகையிட்ட ஆட்டுத்தொடையோடு.
"அன்றைக்குப் பேசியதை மனசில் வைக்காதே.
இந்த முறை எங்களைத் தூங்கவிட்டாய்.
குட்டிக்குக் காய்ச்சல் வேறு."
வாங்கிக்கொண்டேன்.
திட்டு வாங்கியபோது இவ்வளவு கூசவில்லை.

அன்றிரவு கணக்குப் போட்டுப் பார்த்தேன்.
பத்தாயிரத்துக்கு ஒன்று என்ற வரைபடம்.
மழுங்கிய முனையின் கோடு ஒரு மில்லிமீட்டர்.
தரையில் அது பத்து மீட்டர்.
அவன் வீடு எந்தப் பக்கத்திலும் இல்லை,
கோட்டுக்குள் இருந்தது.
கடல்பக்கம் என்று வாசித்தது நான்.

காலையில் அளவுநாடாவோடு போனேன்.
கதவைத் திறந்த டீர்ஃபின்னாவிடம் காரணம் சொல்லாமல்
வாசலில் ஒரு முனையை வைத்து உள்ளே நடந்தேன்.
முதல் மீட்டரில் காலணிகள், நாலு சோடி.
மூன்றரையில் கட்டில், மடிக்காத போர்வை.
ஐந்தில், காய்ச்சல் விட்ட குழந்தை
கரண்டியால் தரையைத் தட்டிக்கொண்டிருந்தது.
ஏழில் அடுப்பு.
ஒன்பதில் சன்னல், பாதிவரை வெள்ளை.
பத்தாவது மீட்டரை அளக்க வழியில்லை.
அது வெளியே, பனிக்கடியில், அந்தச் சைக்கிளிடம் இருந்தது.

"என்ன அளக்கிறாய்?" என்றான் ஓட்கெய்ர்.

சொன்னேன், ரொட்டி வரிசையிலிருந்து தொடங்கி.
அவன் குழந்தையைத் தூக்கிக்கொண்டான்.
நாடாவின் மறுமுனை
வாசலில், காலணிகளுக்கடியில் எங்கோ மாட்டியிருந்தது.
இழுத்தேன்.
வரவில்லை.